சாட்டை வைத்திருந்தவர்கள் காகிதத்துக்கு ஏன் பயந்தார்கள்?

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். உள்நாட்டுப் போருக்கு முந்தைய அமெரிக்கத் தென் மாநிலங்களில் அடிமைகளை வைத்திருந்தவர்களிடம் சட்டம், நீதிமன்றம், துப்பாக்கி, பணம், தலைநகரில் செல்வாக்கு என்று எதற்கும் குறைவில்லை. அப்படிப்பட்டவர்கள் நாலு பக்கத் துண்டுப் பிரசுரத்துக்கும், பெண்கள் வீடு வீடாகப் போய்க் கையெழுத்து வாங்கி அனுப்பிய மனுவுக்கும் ஏன் அவ்வளவு பதறினார்கள்? அடிமை முறைக்கும் பேச்சுரிமைக்கும் நிஜமாகவே தொடர்பு உண்டா, இல்லை பின்னால் வந்தவர்கள் கட்டிவிட்ட கதையா?

தொடர்பு உண்டு. அதை எஜமானர்கள் தரப்பே எழுத்தில் வைத்துவிட்டுப் போயிருக்கிறது. அடிமை ஒழிப்பு இயக்கத்தார் எழுதியதைப் படிப்பதற்கு முன்னால் ஒரு நீதிபதியின் தீர்ப்பைப் படிப்பது நல்லது. விஷயம் அங்கேதான் ஒளிவுமறைவில்லாமல் கிடக்கிறது.

1829இல் வட கரோலினாவில் நடந்த சம்பவம். லிடியா என்ற அடிமைப் பெண்ணை, அவருக்கு உரிமையாளராக இருந்த எலிசபெத் ஜோன்ஸிடமிருந்து ஜான் மான் என்பவர் ஓராண்டுக்கு வாடகைக்கு எடுத்திருந்தார். ஏதோ சின்னத் தவறு என்று லிடியாவை அடிக்கப் போனார். லிடியா பிடியிலிருந்து நழுவி ஓடினார். நில் என்றார் மான். லிடியா நிற்கவில்லை. மான் சுட்டார், லிடியா காயப்பட்டார். இது அந்த ஊர் ஜூரிக்கே கொஞ்சம் அதிகப்படியாகத் தோன்றியிருக்க வேண்டும், மான் குற்றவாளி என்றார்கள். வழக்கு மாநில உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. அங்கே நீதிபதி தாமஸ் ரஃபின் அந்தத் தீர்ப்பைப் புரட்டிப் போட்டார்.

அவர் சொன்ன காரணத்தைக் கவனியுங்கள். அடிமையின் கீழ்ப்படிதல் முழுமையாக இருக்க வேண்டுமென்றால் எஜமானனின் அதிகாரமும் எல்லையற்றதாக இருக்க வேண்டும் என்றார். அதோடு நிற்கவில்லை. எஜமானனின் உரிமையை நீதிமன்றத்தில் விவாதத்துக்கு இழுப்பதை அனுமதிக்க முடியாது என்றார். அடிமை அடிமையாகவே இருக்க வேண்டுமானால், எஜமானனுக்கு மேல் முறையிட இடமே கிடையாது என்பது அவனுக்கு உறைக்க வேண்டும் என்றார். இந்தக் கொள்கையின் கடுமை தன்னையே உறுத்துகிறது என்றும் அதே தீர்ப்பில் ஒப்புக்கொள்கிறார். அவரும் அடிமைகளை வைத்திருந்தவர்தான். ஆனால் தீர்ப்பு எழுத உட்கார்ந்தபோது தன்னையே ஏமாற்றிக்கொள்ளவில்லை. அந்த அமைப்பு எதன் மேல் நிற்கிறது என்று பார்த்தார், பார்த்ததை எழுதினார். ஒழிப்பு இயக்கத்தார் பிற்பாடு இந்தத் தீர்ப்பை விரும்பி விரும்பி மேற்கோள் காட்டியதற்கு இதுதான் காரணம். அவர்கள் சொல்ல வேண்டியதை எதிர்த்தரப்பே சொல்லிவிட்டது.

என் பதில் முழுவதும் அந்தத் தீர்ப்பிலிருந்து பிறப்பதுதான். கேட்பாரற்ற அதிகாரம் என்றால் கொடூரமான அதிகாரம் என்று பலர் எடுத்துக்கொள்கிறார்கள். நல்ல எஜமானர்களும் இருந்தார்கள் என்ற வாதம் அங்கிருந்துதான் வருகிறது. இருந்திருக்கலாம், அதில் எனக்குச் சண்டையில்லை. அடிக்காத எஜமானனும் நாளைக்கு அடிக்கலாம், விற்கலாம், பிள்ளையைத் தாயிடமிருந்து பிரிக்கலாம். ஏன் என்று கேட்க நாதி கிடையாது. அந்த ‘ஏன்’ இல்லாததுதான் அடிமைத்தனம். ஏன் அடித்தாய் என்று கேட்கும் உரிமை எவருக்காவது வந்துவிட்டால், பதில் எவ்வளவு நியாயமாக இருந்தாலும் சரி, எஜமானன் அந்த நிமிடமே பதில் சொல்லக் கடமைப்பட்டவனாகிவிடுகிறான். பதில் சொல்லக் கடமைப்பட்டவன் ரஃபின் சொன்ன எஜமானன் கிடையாது. ஆகவே விவாதத்தில் என்ன பேசினார்கள், யார் ஜெயித்தார்கள் என்பதெல்லாம் இரண்டாம்பட்சம். விவாதம் நடக்கிறது என்பதே அந்த அதிகாரத்தில் விழுந்த ஓட்டை.

இந்த யோசனை ரஃபினுக்கு முன்பே இருந்தது. 17ஆம் நூற்றாண்டு ஆங்கிலேயத் தத்துவவாதி ஜான் லாக், இன்னொரு மனிதனின் நிலையற்ற, முன்கூட்டித் தெரியாத, தன்னிச்சையான விருப்பத்துக்கு ஆட்படாமல் இருப்பதே சுதந்திரம் என்று எழுதினார். அதே லாக் கரோலினா குடியேற்றத்தின் உரிமையாளர்களுக்குச் செயலாளராக இருந்தவர். அந்தக் குடியேற்றத்துக்காக 1669இல் எழுதப்பட்ட அடிப்படைச் சட்டம், ஒவ்வொரு சுதந்திரக் குடிமகனுக்கும் தன் நீக்ரோ அடிமைகள் மேல் முழு அதிகாரம் உண்டு என்கிறது. அதில் லாக்கின் கை எவ்வளவு என்று அறிஞர்கள் இன்னும் சண்டை போடுகிறார்கள், போடட்டும். ஜார்ஜ் வாஷிங்டன் இன்னும் நேரடியாகப் பேசினார். பிரிட்டனை எதிர்க்காவிட்டால், நாம் தன்னிச்சையாக ஆளுகிற கறுப்பர்களைப் போலவே நாமும் பழகிப்போன அடிமைகளாகிவிடுவோம் என்று 1774இல் ஒரு கடிதத்தில் எழுதினார். எழுதிய கை நூற்றுக்கும் மேற்பட்ட அடிமைகளுக்கு எஜமானனின் கை. அடிமைத்தனம் என்றால் என்னவென்று அமெரிக்கப் புரட்சிக்காரர்களுக்கு நன்றாகத் தெரிந்திருந்ததற்கு ஒரு காரணம், அதைத் தினமும் வீட்டில் நடத்திக்கொண்டிருந்தார்கள்.

சரி, காகிதத்துக்கு வருவோம்.

ரஃபின் வழக்கு நடந்த அதே 1829இன் செப்டம்பரில், பாஸ்டனில் பழைய துணிக்கடை வைத்திருந்த டேவிட் வாக்கர் என்ற சுதந்திரக் கறுப்பர் ஒரு பிரசுரம் வெளியிட்டார். பிறந்தது வட கரோலினாவின் வில்மிங்டனில். கறுப்பு மக்களை நோக்கி, நீங்கள் மனிதர்கள், இவர்களுக்கு உங்கள் மேல் எந்த உரிமையும் இல்லை என்று நெருப்பாக எழுதினார். கடைக்கு வந்து போகும் மாலுமிகள் வழியாக அது தென் துறைமுகங்களுக்குப் போய்ச் சேர்ந்தது. ஜார்ஜியா அப்படிப்பட்ட எழுத்தைப் பரப்புவதை மரண தண்டனைக்குரிய குற்றமாக்கியது. வட கரோலினா 1830இல் இன்னொரு சட்டமும் போட்டது: அடிமைகளுக்கு எழுதப் படிக்கச் சொல்லித் தரக்கூடாது. வெள்ளையர் சொல்லிக் கொடுத்தால் 100 முதல் 200 டாலர் வரை அபராதம், அல்லது சிறை. அடிமையே இன்னோர் அடிமைக்குச் சொல்லிக் கொடுத்தால் 39 கசையடி.

அந்தச் சட்டத்தின் முன்னுரை, எழுதப் படிக்கக் கற்றுக் கொடுப்பது அடிமைகள் மனத்தில் அதிருப்தியைக் கிளப்பி, கலகத்துக்கும் கிளர்ச்சிக்கும் கொண்டுபோய் விடும் என்கிறது. அதாவது இருக்கும் நிலை எழுத்தறிவைத் தாங்காது என்று சட்டமன்றமே வாக்குமூலம் கொடுத்திருக்கிறது. அப்புறம் அதில் ஒரு விதிவிலக்கு: எண்கள் சொல்லிக் கொடுக்கலாம். மூட்டை எண்ண வேண்டும், எடை குறிக்க வேண்டும், மரம் அளக்க வேண்டும்; கணக்குத் தெரிந்த அடிமையால் எஜமானனுக்கு லாபம். கூட்டல் கழித்தலில் ‘ஏன்’ என்ற கேள்வி கிளம்பாது என்று நினைத்திருக்கிறார்கள். அந்த ஒற்றை விதிவிலக்கை விட இந்த விஷயத்தைத் தெளிவாகச் சொல்லும் வரி எதையும் நான் படித்ததில்லை.

இதே நேரத்தில் மேரிலாந்தில் ஒரு சிறுவன். ஃபிரெடரிக் டக்ளஸ், பிறப்பு 1818. அடிமையாகப் பிறந்து, பின்னாளில் ஒழிப்பு இயக்கத்தின் பெரிய பேச்சாளரானவர். பால்டிமோரில் அவர் இருந்த வீட்டின் எஜமானி சோஃபியா ஆல்ட் அவருக்கு எழுத்துச் சொல்லிக் கொடுக்க ஆரம்பித்தார். கணவர் ஹியூ ஆல்ட் அதைக் கண்டுபிடித்து நிறுத்தினார். படிப்பு வந்துவிட்டால் இவன் அடிமையாக இருக்க லாயக்கில்லாமல் போய்விடுவான் என்று பையன் காதுபடவே மனைவிக்கு விளக்கினார். அடிமை முறையை எதிர்த்து டக்ளஸ் கேட்ட முதல் சொற்பொழிவு அதுதான் என்று சொல்லலாம், பேசியவர் எஜமானர். விடுதலைக்கு வழி எது என்று அந்த நிமிடம் தனக்குப் புரிந்தது என்று பிற்பாடு டக்ளஸ் எழுதினார். அப்புறம் தெருவில் விளையாடும் ஏழை வெள்ளைப் பையன்களுக்கு ரொட்டி கொடுத்து அவர்களிடம் பாடம் கேட்டார். சுமார் 12 வயதில் 50 சென்ட் கொடுத்து ஒரு பேச்சுப் பயிற்சிப் புத்தகம் வாங்கினார். அதில் ஓர் எஜமானனுக்கும், ஓடிப்போய்ப் பிடிபட்ட அவனது அடிமைக்கும் நடக்கும் உரையாடல் ஒன்று உண்டு. எஜமானன் தன் பக்க நியாயத்தைச் சொல்கிறான், அடிமை ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்கிறான், கடைசியில் எஜமானன் வாதத்தில் தோற்று அவனை விடுதலை செய்கிறான். நிஜத்தில் இப்படி நடக்காது என்று அந்தப் பையனுக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? இருந்தும் திரும்பத் திரும்பப் படித்தார். எஜமானன் காரணம் சொல்ல வேண்டியிருக்கும் ஓர் உலகத்தை அவர் முதல்முதலாகப் பார்த்தது அந்தப் பக்கங்களில்தான்.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு வரும். தென் மாநிலத்தார் பயந்தது கலகத்துக்கு, விவாதத்துக்கு இல்லை என்பார்கள். 1831 ஆகஸ்டில் வர்ஜீனியாவில் நாட் டர்னர் தலைமையில் அடிமைகள் கிளர்ந்து ஏறத்தாழ 55 வெள்ளையர்களைக் கொன்றார்கள். அந்தப் பயம் பொய்யில்லை. வீட்டுக்குள்ளேயே எதிரியை வைத்துக்கொண்டு தூங்குகிறோம் என்ற நினைப்பு அவர்களுக்கு இருந்தது.

ஆனால் அந்தக் கிளர்ச்சிக்கு அப்புறம் வர்ஜீனியாவில் நடந்ததைப் பாருங்கள். மாநிலச் சட்டமன்றம் 1832 ஜனவரியில் அடிமை முறையை வைத்திருக்கலாமா வேண்டாமா என்றே வெளிப்படையாக விவாதித்தது. முன்னாள் ஜனாதிபதி ஜெஃபர்சனின் பேரன் தாமஸ் ஜெஃபர்சன் ரான்டால்ஃப் படிப்படியான விடுதலைக்கு ஒரு திட்டம் வைத்தார். ரிச்மண்ட் பத்திரிகைகள் பேச்சுகளை அச்சிட்டன. கறுப்பர்களின் உரிமை என்று அங்கே அதிகம் பேர் பேசவில்லை. வெள்ளையர்களின் பாதுகாப்பு, மாநிலப் பொருளாதாரம், விடுவித்தவர்களை எங்கே அனுப்புவது என்றுதான் பேச்சு ஓடியது. இருந்தாலும் பேசினார்கள். உடனே நடவடிக்கை எடுப்பது உசிதம் என்ற திருத்தம் 58க்கு 73 என்ற வாக்கில் தோற்றது. 15 வாக்கு வித்தியாசம். ஒரு பெரிய தென் மாநிலத்தில், எஜமானர்களும் அவர்களுடைய அண்டை வீட்டாரும் உட்கார்ந்த சபையில் இவ்வளவு தூரம் வந்திருக்கிறது.

அதற்கப்புறம் கதவு அடைபட்டது. 1849இல் தொகுக்கப்பட்ட வர்ஜீனியா சட்டப்படி, அடிமைகள் மேல் உரிமையாளர்களுக்குச் சொத்துரிமை கிடையாது என்று பேசினாலோ எழுதினாலோ ஓராண்டு வரை சிறை, 500 டாலர் வரை அபராதம். சட்டமன்ற உறுப்பினர்கள் தங்கள் இருக்கையில் நின்று அலசிய விஷயம் 17 வருஷத்தில் சிறைக்கு அனுப்பும் குற்றமாகிவிட்டது. கலகம் நடந்த சூட்டோடு விவாதத்தைத் தாங்க முடிந்தவர்களுக்கு, கலகமே இல்லாத வருஷங்களில் அது ஏன் தாங்க முடியாமல் போனது? அந்த 73, 58 என்ற எண்களில் பதில் இருக்கிறது என்று நினைக்கிறேன். இன்னொரு தடவை பேசினால் எண்கள் மாறலாம்.

இதைத்தான் 1835இன் தபால் கலவரமும் காட்டுகிறது. அமெரிக்க அடிமை ஒழிப்புச் சங்கம் நியூயார்க்கிலிருந்து தென் மாநிலங்களுக்குக் கட்டுக்கட்டாகப் பிரசுரங்களைத் தபாலில் அனுப்பியது. ஜூலை 29ஆம் தேதி தென் கரோலினாவின் சார்ல்ஸ்டனில் ஒரு கும்பல் தபால் நிலையத்தை உடைத்து அந்த மூட்டையை எடுத்துக்கொண்டு போனது. மறுநாள் இரவு பெருங்கூட்டத்துக்கு முன்னால், ஒழிப்பு இயக்கத் தலைவர்களின் கொடும்பாவிகளோடு சேர்த்து அதைக் கொளுத்தினார்கள். அந்தத் தபாலெல்லாம் யாருக்கு வந்தது தெரியுமா? படிக்கத் தெரியாத, தபால் பெட்டி இல்லாத அடிமைகளுக்கு இல்லை. பாதிரியார்கள், வணிகர்கள், அரசியல்வாதிகள் போன்ற வெள்ளைப் பெரிய மனிதர்களின் பெயருக்கு. பக்கத்து வீட்டு வெள்ளையன் இதைப் படித்து யோசிக்க ஆரம்பித்துவிட்டால் என்ன ஆகும் என்பதுதான் அங்கே இருந்த பயம். தென் மாநில வெள்ளைக் குடும்பங்களில் பெரும்பாலானவை அடிமை வைத்திருக்கவில்லை என்பதையும் இதோடு சேர்த்துப் பாருங்கள்.

தபால் துறைத் தலைவர் ஏமஸ் கெண்டல் என்ன செய்தார்? சட்டத்துக்கு நாம் கட்டுப்பட்டவர்கள், ஆனால் வாழும் சமூகத்துக்கு அதைவிட அதிகம் கட்டுப்பட்டவர்கள் என்று எழுதிக் கையைக் கழுவிவிட்டார். தபாலைத் தடுத்து வைக்கக்கூடாது என்று 1836இல் நாடாளுமன்றம் சட்டமே போட்டது. தெற்கில் அதை யாரும் சட்டை செய்யவில்லை. எஜமானனுடைய தோட்டத்தில் இருந்த ‘முறையீடு கிடையாது’ என்ற விதி இப்படித்தான் தோட்டத்து வேலியைத் தாண்டி வெளியே வந்தது. முதலில் அடிமைக்கு. பிறகு அடிமைக்குப் பாடம் சொன்ன வெள்ளையருக்கு. பிறகு தனக்கு வந்த தபாலைப் பிரிக்க நினைத்த வெள்ளையருக்கு.

கடைசியில் தலைநகருக்கே வந்தது. தலைநகர் வாஷிங்டன் இருக்கும் கொலம்பியா மாவட்டத்திலாவது அடிமை முறையை ஒழியுங்கள் என்று வடக்கிலிருந்து மனுக்கள் ஆயிரக்கணக்கில் வந்துகொண்டிருந்தன. வாக்குரிமை இல்லாத பெண்கள்தான் அதில் பெரும்பங்கு வேலை செய்தார்கள். மனு ஒன்றுதான் அவர்கள் கையில் இருந்த அரசியல். 1836 மே 26ஆம் தேதி பிரதிநிதிகள் சபை 117க்கு 68 என்ற வாக்கில் ஒரு தீர்மானம் போட்டது. அடிமை முறை சம்பந்தமாக வரும் எந்த மனுவையும் அச்சிடவோ குழுவுக்கு அனுப்பவோ மாட்டோம், மேசையில் அப்படியே கிடக்கட்டும். வரலாற்றில் இதற்கு வாய்ப்பூட்டு விதி என்று பெயர். வாக்கெடுப்பில் தன் பெயர் கூப்பிடப்பட்டபோது, முன்னாள் ஜனாதிபதியும் அப்போது சாதாரண உறுப்பினருமான ஜான் குவின்சி ஆடம்ஸ் எழுந்து, இது அரசியலமைப்பையும் சபை விதிகளையும் என் தொகுதி மக்களின் உரிமையையும் நேரடியாக மீறுகிறது என்றார்.

ஆடம்ஸ் அந்தக் காலத்தில் முழு ஒழிப்புவாதிகூடக் கிடையாது. அதனால்தான் அவர் கதை எனக்குப் பிடிக்கும். அவர் பிடித்துக்கொண்டது மனு கொடுக்கும் உரிமையை. 1837 பிப்ரவரி 6ஆம் தேதி அவர் எழுந்து, அடிமைகளே கையெழுத்திட்டதாகச் சொல்லும் ஒரு மனு என்னிடம் இருக்கிறது, இது அந்த விதிக்குள் வருமா என்று சபாநாயகர் ஜேம்ஸ் போல்க்கிடம் அப்பாவியாகக் கேட்டார். சபை கொந்தளித்தது. கண்டனத் தீர்மானம் கொண்டுவா என்றார்கள், வெளியேற்று என்றார்கள். கத்தி ஓய்ந்த பிறகு ஆடம்ஸ் நிதானமாகச் சொன்னார்: மனுவில் என்ன இருக்கிறது என்று யாரும் கேட்கவே இல்லையே, அது அடிமை ஒழிப்பு வேண்டாம் என்று கேட்கும் மனு. அது யாரோ விஷமத்துக்கு எழுதி அனுப்பியதாகவும் இருக்கலாம். ஆடம்ஸுக்கு அது பொருட்டில்லை. அடிமை எஜமானனுக்குச் சாதகமாகப் பேசினாலும், பேசினான் என்பதே அந்தச் சபைக்குப் பொறுக்கவில்லை என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. சில நாளில் சபை, அடிமைகளுக்கு மனு கொடுக்கும் உரிமை இல்லை என்று தீர்மானமே நிறைவேற்றியது. ரஃபின் நீதிமன்றத்தில் சொன்னதை இப்போது நாட்டின் சட்டமன்றம் சொன்னது.

அதே பிப்ரவரி 6ஆம் தேதி, செனட்டில் தென் கரோலினாவின் ஜான் கால்ஹூன் அடிமை முறையை ஒரு நன்மை என்றே வர்ணித்துப் பேசினார். வாஷிங்டன், ஜெஃபர்சன் தலைமுறை அதை ஒரு தீமை, என்ன செய்வது, பரம்பரையாக வந்துவிட்டது என்று சொல்லிக்கொண்டிருந்தது. கால்ஹூனின் கணக்கு வேறு, அதில் ஒரு தர்க்கமும் இருந்தது. தீமை என்று ஒப்புக்கொண்டால் எப்போது விடப்போகிறாய் என்ற கேள்வி உடனே வரும். நன்மை என்று சொல்லிவிட்டால் கேள்விக்கு இடமில்லை.

வாய்ப்பூட்டு விதி 1844 டிசம்பரில் விழுந்தது. எட்டு வருஷம் விடாமல் மனுவோடு வந்து நின்ற அந்தக் கிழவர் கண்முன்னாலேயே விழுந்தது. அதற்குள், அடிமைகளைப் பற்றிக் கவலையே படாத வடக்கத்தி வெள்ளையர்கள் பலர், நம் மனுவைக் குப்பையில் போட இவர்கள் யார் என்று கேட்க ஆரம்பித்திருந்தார்கள். பேச்சை அடக்கப் போட்ட பூட்டுதான் ஒழிப்பு இயக்கத்துக்குப் புது ஆட்களைக் கொண்டுவந்து சேர்த்தது.

வடக்கிலும் எல்லாம் ஒழுங்காக இருந்ததாக நினைக்க வேண்டாம். அடிமை முறை இருந்த மிசௌரி மாநிலத்தின் செயின்ட் லூயிஸில் 1836இல் பிரான்சிஸ் மெகின்டாஷ் என்ற கறுப்பரை ஒரு கும்பல் உயிரோடு எரித்ததைக் கண்டித்து எழுதியவர் எலைஜா லவ்ஜாய். அங்கே இருக்க முடியாமல் ஆற்றைத் தாண்டி, அடிமை முறை இல்லாத இல்லினாய் மாநிலத்தின் ஆல்டன் நகருக்கு வந்தார். அங்கேயும் அவருடைய அச்சு இயந்திரங்களை ஒன்றன்பின் ஒன்றாக நாசம் செய்தார்கள். புதிதாக வந்த இயந்திரத்தைக் காவல் காக்கும்போது 1837 நவம்பர் 7ஆம் தேதி சுட்டுக் கொல்லப்பட்டார். அடுத்த ஆண்டு மே மாதம் ஃபிலடெல்ஃபியாவில், வேறெங்கும் அரங்கம் கிடைக்காதவர்கள் சுதந்திரமாகப் பேசுவதற்கென்றே பென்சில்வேனியா மண்டபத்தைக் கட்டித் திறந்தார்கள். தென் கரோலினாவின் எஜமானர் குடும்பத்தில் பிறந்து, வீட்டை விட்டு வந்த ஏஞ்சலினா கிரிம்கே, ஜன்னலில் கல் விழ விழப் பேசினார். திறந்த நாலாம் நாள் கும்பல் கட்டடத்துக்குத் தீ வைத்தது. தீயணைப்புப் படையினர் வந்து அக்கம்பக்கத்துக் கட்டடங்களுக்கு மட்டும் தண்ணீர் அடித்தார்கள்.

ஆல்டன், ஃபிலடெல்ஃபியா கும்பல்களில் இருந்தவர்கள் பெரும்பாலும் எஜமானர்கள் இல்லை. பருத்தி வியாபாரம் கெட்டுப்போகும், கறுப்பர்கள் சமமாக வந்து உட்கார்ந்துவிடுவார்கள் என்று பயந்த வடக்கத்தியர்கள்தான். 1860 டிசம்பரில் பாஸ்டனிலேயே, நல்ல உடை உடுத்திய கனவான்கள் புகுந்து ஓர் அடிமை ஒழிப்புக் கூட்டத்தைக் கலைத்தார்கள். சில நாள் கழித்து டக்ளஸ் அதே ஊரில் பேசும்போது, பேச்சை அடக்குவது இரட்டைத் தீங்கு, பேசுகிறவனின் உரிமையோடு கேட்கிறவனின் உரிமையும் பறிபோகிறது என்றார். ஐந்தே வருஷம் சுதந்திரமாகப் பேச விட்டால் தெற்கில் ஏலமேடை ஒன்றுகூட மிஞ்சாது என்றும் சொன்னார். இரண்டாவதை நான் அப்படியே ஏற்கமாட்டேன். அடிமைகளின் விலை அப்போது உச்சத்தில் இருந்தது. நல்ல வாதத்தைக் கேட்டுவிட்டு அவ்வளவு சொத்தை யாரும் சும்மா விட்டுவிட மாட்டார்கள். ஆனால் முதலாவது அபாரமான கருத்து. சார்ல்ஸ்டனில் எரிந்த மூட்டையில் பெரிய நஷ்டம் அனுப்பியவர்களுக்கு இல்லை, அவர்கள் வேறு அச்சடித்துக்கொள்வார்கள். நஷ்டம், அதைப் பிரித்துப் படித்து மனம் மாறியிருக்கக்கூடிய சார்ல்ஸ்டன்காரருக்குத்தான்.

ஒழிப்பு இயக்கத்தார் கொஞ்சம் அடக்கி வாசித்திருந்தால் போரே வந்திருக்காது என்றும் சிலர் வாதிடுவார்கள். அதற்கு லிங்கன் 1860 பிப்ரவரியில் நியூயார்க்கில் பேசிய பேச்சைப் பார்க்க வேண்டும். தெற்கைத் திருப்திப்படுத்த என்னதான் செய்ய வேண்டும் என்று கேட்டுவிட்டு அவரே பதில் சொன்னார்: அடிமை முறை தவறு என்று சொல்வதை நிறுத்த வேண்டும், சரி என்று அவர்களோடு சேர்ந்து சொல்ல வேண்டும், மௌனமாக இருப்பதையும் பொறுக்க மாட்டார்கள். 1830களில் கேட்டது பேசாதே என்று. 1860இல் கேட்டது ஆமாம் சொல் என்று. கேட்பாரற்ற அதிகாரம் மௌனத்தோடு நிற்காது. மௌனமாக இருப்பவன் மனத்துக்குள் என்ன நினைக்கிறானோ என்ற சந்தேகம் அதைத் தூங்க விடாது. இதில் ‘அடக்கி வாசித்தல்’ எந்த இடத்தில் போதுமானதாக இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியவில்லை.

அடிமைகளை விடுவித்தது விவாதமா என்று கேட்டால், இல்லை, போர். 6 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் செத்த போர். கூடவே, படைகள் நெருங்க நெருங்கத் தோட்டங்களை விட்டு ஆயிரக்கணக்கில் தாங்களாகவே நடந்து வெளியேறிய அடிமைகள். வர்ஜீனியா 1832இல் திறந்து வைத்திருந்த கதவை அடைத்ததால் பிரச்சினை தீரவில்லை. துப்பாக்கி இல்லாமல் தீர்க்கும் வழி மட்டும் அடைபட்டது.

1865இல் சட்டப்படி அடிமை முறை ஒழிந்தது. ‘முறையீடு கிடையாது’ என்ற விதி மட்டும் ஒழியவில்லை. 1892இல் டென்னசியின் மெம்ஃபிஸ் நகரில் மூன்று கறுப்பர்களை ஒரு கும்பல் சிறையிலிருந்து இழுத்துக்கொண்டு போய்க் கொன்றது. மளிகைக் கடை நடத்தி, பக்கத்து வெள்ளையர் கடைக்குப் போட்டியாக வளர்ந்ததுதான் பகையின் தொடக்கம். இப்படிப்பட்ட கும்பல் கொலைகளுக்குச் சொல்லப்படும் காரணங்கள் உண்மைதானா என்று ஒரு பெண் பத்திரிகையாளர் ஊர் ஊராக விசாரித்து எழுத ஆரம்பித்தார். ஐடா வெல்ஸ், 1862இல் மிசிசிப்பியில் அடிமையாகப் பிறந்தவர். அந்த மே மாதம் அவர் வெளியூர் போயிருந்தபோது பத்திரிகை அலுவலகத்தை அடித்து நொறுக்கினார்கள், திரும்பி வந்தால் கொல்வோம் என்று செய்தி அனுப்பினார்கள். அவர் மெம்ஃபிஸுக்குத் திரும்பவில்லை. நியூயார்க்கில் ஒரு கறுப்பர் பத்திரிகையில் சேர்ந்து, கொலை செய்யப்பட்டவர்களின் பெயர், தேதி, இடம், சொல்லப்பட்ட குற்றம் என்று ஒவ்வொன்றாக அச்சில் ஏற்றினார். விவரங்களில் பெரும்பாலானவற்றை வெள்ளையர்களின் பத்திரிகைகளிலிருந்தே எடுத்தார், பொய் என்று யாரும் சொல்ல முடியாதபடிக்கு.